ஃபேக் 8: ஒரு எண் மட்டும் கிடைத்த டிசைன்

ஃபேக்டரி ரெக்கார்ட்ஸின் பட்டியலை வாசிப்பது எனக்கு ஒரு கெட்ட பழக்கம். தூக்கம் வராத ராத்திரிகளில் சிலர் ரயில்வே டைம்டேபிளைப் புரட்டுவார்கள் இல்லையா, அந்த மாதிரி. பாட்டுக்கூடக் கேட்பதில்லை. எண்களை மட்டும் வரிசையாகப் படித்துக்கொண்டே போவேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபேக்டரி என்பது இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்தில் 1978இல் தொடங்கி 1992இல் திவாலான ஒரு சின்ன சுயாதீன லேபிள். உள்ளூர் டிவியில் வேலை பார்த்த டோனி வில்சனும் அவர் நண்பர் ஆலன் எராஸ்மஸும் ஆரம்பித்தது. டிசைனர் பீட்டர் சாவில், தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட், மேனேஜர் ராப் கிரெட்டன் ஆகியோர் பங்காளிகளாகச் சேர்ந்தார்கள். கேபரே வால்டேர், ஓஎம்டி, ஜாய் டிவிஷன், பிறகு நியூ ஆர்டர். சிந்தசைசரும் டிரம் மெஷினும் கிட்டார் குழுக்களுக்குள் நுழைந்த காலத்தின் சத்தத்தில் பெரும்பங்கு இந்த லேபிள் வழியாகத்தான் வெளியே வந்தது.

மற்ற லேபிள்கள் ரெக்கார்டுகளுக்கு மட்டும் எண் போடும். ஃபேக்டரி எல்லாவற்றுக்கும் போட்டது. ஃபேக் 1 ரெக்கார்டே இல்லை, ஒரு போஸ்டர். ஃபேக் 51 ஒரு நைட் கிளப். ஃபேக் 61 என்பது ஹானெட் தன் சொந்த லேபிள் மேலேயே போட்ட வழக்கு. ஃபேக் 99, கிரெட்டனின் பல் வைத்தியம். ஃபேக் 191, கிளப்பில் வளர்ந்த பூனை. 2007இல் வில்சன் இறந்தபோது, லேபிள் மூடிப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தும், அவருடைய சவப்பெட்டிக்கு ஃபேக் 501 என்று எண் கொடுத்தார்கள்.

இதையெல்லாம் படித்துச் சிரித்துக்கொண்டேதான் நானும் போவேன். அப்படிச் சிரித்துக்கொண்டே பல வருஷம் தாண்டிப்போன ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. ஃபேக் 8. லிண்டர் ஸ்டெர்லிங் டிசைன் செய்த மாதவிடாய் முட்டை டைமர். தயாரிக்கப்படவில்லை.

யார் இந்த லிண்டர்?

1954இல் லிவர்பூலில் பிறந்தவர். மான்செஸ்டர் பாலிடெக்னிக்கில் கிராஃபிக் டிசைன் படித்தவர். பீட்டர் சாவிலும் மால்கம் காரெட்டும் படித்த அதே இடம், ஏறக்குறைய அதே காலம். பஸ்காக்ஸ் குழுவின் 'ஆர்காஸம் அடிக்ட்' சிங்கிளின் அட்டைப்படம் (1977) உங்கள் கண்ணில் எங்கேயாவது பட்டிருக்கும். நிர்வாணமாக நிற்கும் பெண் உடம்பு, தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு இஸ்திரிப்பெட்டி, மார்பில் சிரிக்கும் வாய்கள். அந்த ஒட்டுப்படம் லிண்டருடையது. அதை அட்டையாக வடிவமைத்தவர் காரெட். பத்திரிகைகளைக் கத்தியால் வெட்டி ஒட்டுவதுதான் அன்றைக்கு லிண்டரின் முறை. ஒரு பக்கம் ஆண்களுக்கான கவர்ச்சிப் பத்திரிகைகள், இன்னொரு பக்கம் பெண்களுக்கான குடும்பப் பத்திரிகைகளும் வீட்டுச் சாமான் விளம்பரங்களும். இரண்டிலும் விற்கப்படுவது ஒரே உடம்புதான் என்பதைக் காட்ட அவருக்கு ஒரு கத்தியும் கொஞ்சம் பசையும் போதுமானதாக இருந்தது. 1978இல் விமர்சகர் ஜான் சாவேஜுடன் சேர்ந்து இந்த ஒட்டுப்படங்களை 'த சீக்ரெட் பப்ளிக்' என்ற சிறுபத்திரிகையாகக் கொண்டுவந்தார். அதே வருஷம் லூடஸ் என்ற இசைக்குழுவைத் தொடங்கி, அதில் பாடவும் செய்தார்.

2025இல் லண்டன் ஹேவர்ட் கேலரியில் அவருடைய ஐம்பது வருஷ வேலைகளைத் தொகுத்து ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. அதைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் பழைய பட்டியலின் எட்டாவது வரி திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

பயன்படாத டிசைன் மேல் நமக்கு இருக்கும் மயக்கம்

வெளிவராமல் போன அட்டைகள், நிராகரிக்கப்பட்ட லோகோக்கள், கைவிடப்பட்ட போஸ்டர்கள் மேல் இசை ரசிகர்களுக்குத் தனி மோகம் உண்டு. எனக்கும் உண்டு. கடைக்கு வந்த அட்டையை எல்லாரும் பார்த்தாயிற்று, இதை நாம்தான் கண்டுபிடித்தோம் என்ற சந்தோஷம். அலமாரியின் அடியிலிருந்து எடுத்த எதுவும் கொஞ்சம் கூடுதல் அழகோடு தெரியும்.

ஆனால் இந்த மோகத்தில் ஒரு கோளாறு இருக்கு. பயன்படாமல் போனதையே ஒரு அழகாகப் பார்க்கப் பழகிவிட்டால், ஏன் பயன்படாமல் போச்சு என்று கேட்கத் தோன்றாது. தயாரிக்கப்படாத டிசைன்களில் பல ஜாதி உண்டு. நேரம் போதாமல் போனவை இருக்கும். காசு போதாமல் போனவை இருக்கும். இரண்டும் இருந்தும், இது நம் வேலை இல்லை என்று ஓரமாக வைக்கப்பட்டவையும் இருக்கும். மூன்றையும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து 'தொலைந்துபோன பொக்கிஷம்' என்று பெயர் எழுதி ஒட்டினால் அது ரசனை இல்லை, சோம்பேறித்தனம்.

அடுத்தவர் மனசுக்குள் புகுந்து தீர்ப்பு சொல்வது விமர்சனத்தின் வேலை இல்லை. பொருட்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஃபேக்டரி அதற்கு வசதியாக எல்லாவற்றுக்கும் எண் போட்டே கொடுத்திருக்கிறது. அந்த வரிசையிலேயே பார்ப்போம்.

நேரம், காசு

முதலில் நேரம். ஃபேக் 1 போஸ்டரை சாவில் செய்தது 1978 மே, ஜூன் மாதங்களில் மான்செஸ்டர் ஹியூம் பகுதியில் நடந்த இசை இரவுகளுக்காக. காதுக் கவசம் அணியுங்கள் என்று சொல்லும் தொழிற்சாலை எச்சரிக்கைப் பலகையிலிருந்து எடுத்த படம், மஞ்சளும் கறுப்பும். அருமையான வேலை. ஒரே குறை, எந்த நிகழ்ச்சிக்கு விளம்பரம் செய்ய வேண்டுமோ அது தொடங்கிய பிறகுதான் போஸ்டர் வந்து சேர்ந்தது. அதாவது ஃபேக்டரியின் முதல் பொருளே ஒரு வகையில் 'பயன்படாத டிசைன்' தான்! ஆட்களைக் கூப்பிட அச்சடித்த தாள், கூப்பிட வேண்டிய நேரத்தில் சுவரில் இல்லை. ஆனாலும் அதற்கு முதல் எண் கிடைத்தது. அதோடு ஒரு புராணமும் கிடைத்தது. டிசைனர் தாமதம் செய்வார், ஆனால் கொண்டுவருவது அற்புதமாக இருக்கும், ஆகவே காத்திருக்கலாம். சாவிலைப் பற்றி எழுதுகிற யாரும் இந்தத் தாமதத்தைக் குறையாகச் சொல்வதில்லை. பாசத்தோடுதான் சொல்வார்கள்.

அடுத்து காசு. ஃபேக் 6, ஓஎம்டியின் 'எலெக்ட்ரிசிட்டி' (1979). கறுப்புத் தாளில் கறுப்பு மை. எழுத்துகள் புடைத்து நிற்கும்படி சூடாக்கி அச்சடித்த அட்டை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் ஏதோ இருப்பதே தெரியும். புதுசாக வந்த ஒரு இளம் குழுவின் முதல் சிங்கிளுக்கு இந்தச் செலவு. ஃபேக்ட் 14, டுருட்டி கொலம் குழுவின் முதல் ஆல்பம் (1980). அட்டையே உப்புத்தாள். கீ தெபோரும் ஆஸ்கர் யோர்னும் 1959இல் கொண்டுவந்த ஒரு புத்தகத்துக்கு, பக்கத்துப் புத்தகங்களைக் கீறட்டும் என்று, உப்புத்தாளில் அட்டை போட்டிருந்தார்கள். வில்சனுக்கு அந்த யோசனை பிடித்துப்போனது. உப்புத்தாள் வாங்கி, லேபிளின் வேறு குழுக்களின் ஆட்களை உட்காரவைத்துக் கையால் ஒட்டவைத்தார்கள். ரசிகரின் அலமாரியில் இருக்கும் மற்ற ரெக்கார்டுகளைக் கீறுவதற்கென்றே ஒரு அட்டை! அதைச் செய்ய ஆள், சாமான், நேரம், பணம் எல்லாம் கிடைத்தது.

பிறகு ஃபேக் 73, நியூ ஆர்டரின் 'ப்ளூ மண்டே' (1983). குழுவின் ஸ்டூடியோவில் பார்த்த ஃப்ளாப்பி டிஸ்க்கை மாதிரியாக வைத்து சாவில் செய்தது. மூன்று இடங்களில் துளை வெட்டிய அட்டை. முகப்பில் பெயர்கூட இல்லை, ஓரத்தில் வண்ணக் கட்டங்களால் எழுதிய ரகசியக் குறியீடு மட்டும். பிரிட்டனில் அதிகம் விற்ற 12 அங்குல சிங்கிள் இதுதான். அட்டைக்கு ஆன செலவால் விற்ற ஒவ்வொரு காப்பிக்கும் நஷ்டம் என்பது ஃபேக்டரியின் பிரபலமான கதை. எத்தனை பென்னி என்பதில் ஆளுக்கொரு கணக்கு. பின்னாடி வந்த அச்சுகளில் துளை இல்லாத சாதா அட்டை போட்டுச் செலவைக் குறைத்தார்கள். நஷ்டத்தைக்கூடப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட லேபிள் அது.

ஆக, தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளத் தெரிந்த, செலவுக்கு அஞ்சாத இடம் ஃபேக்டரி. நடைமுறைக்கு ஒத்துவராது என்ற வாதம் அங்கே ஒரு வாதமே இல்லை. ஒத்துவராததைச் செய்வதுதான் அதன் அடையாளம். இந்த வரிசைக்குப் பக்கத்தில் வைத்துத்தான் ஃபேக் 8ஐப் பார்க்கணும்.

முட்டையும் முட்டையும்

பிரிட்டிஷ் சமையலறைகளில் முட்டை டைமர் என்று ஒன்று இருக்கும். முட்டை எத்தனை நிமிஷம் வேகணும் என்று பார்ப்பதற்கான சின்ன மணற்கடிகாரம். லிண்டர் யோசித்தது ஒரு பெண்ணின் மாதச் சுழற்சிக்குக் கணக்கு வைக்கும் டைமர். அடுப்பில் இருக்கும் முட்டை, உடம்பில் இருக்கும் கருமுட்டை. ஆங்கிலத்தில் இருக்கும் சிலேடை தமிழிலும் அப்படியே வந்து உட்காருகிறது, விளக்கவே தேவையில்லை.

சிலேடையோடு நின்றுவிட்டால் அது ஒரு ஜோக். எனக்கு முக்கியமாகப் படுவது அவருடைய ஒட்டுப்படங்களோடு இதற்கு இருக்கும் உறவு. இஸ்திரிப்பெட்டித் தலைப் பெண்ணில் வீட்டுச் சாமான் வந்து பெண்ணின் உடம்பைத் தின்றுவிடுகிறது. முகம் போய்விட்டது, அங்கே இஸ்திரிப்பெட்டி உட்கார்ந்துகொண்டது. ஃபேக் 8இல் அதே இரண்டு பொருட்கள், ஆனால் திசை தலைகீழ். இங்கே பெண் உடம்பு சமையலறைச் சாமானுக்குள் நுழைந்து அதைத் தன் கணக்குக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. முட்டை வெந்துவிட்டதா என்று குடும்பத்துக்காகப் பார்த்துக்கொண்டிருந்த டைமர், இப்போது அவளுக்காக ஓடும். ஒட்டுப்படம் குற்றச்சாட்டு என்றால், டைமர் அதற்கு அடுத்த படி. ஐம்பது வருஷ வேலையில் இந்தத் திருப்பம் சின்ன விஷயம் இல்லை.

ஒட்டுப்படத்தை அச்சடித்தால் போதும், அது வேலை செய்யத் தொடங்கிவிடும். டைமர் அப்படி இல்லை. யாராவது அதைச் செய்யணும், வாங்கணும், உப்புக்கும் மிளகுக்கும் பக்கத்தில் அலமாரியில் வைக்கணும். வீட்டுக்கு வருகிற மாமனார், "இது என்னம்மா?" என்று கேட்கணும். அந்தக் கேள்விக்கு யாராவது பதில் சொல்லவோ, சொல்லாமல் முழிக்கவோ வேண்டும். அந்தக் கணத்தில்தான் டிசைன் பிறக்கிறது. மறைத்து வைக்கப் பழக்கிய ஒன்றை மறைக்காமல் மேசைமேல் வைப்பதுதான் அதன் உள்ளடக்கம். பட்டியலில் ஒரு வரியாக இருக்கும்வரை அது யாரையும் சங்கடப்படுத்தாது. என்னையும் சங்கடப்படுத்தவில்லை. அதனால்தான் இத்தனை வருஷம் சிரித்துவிட்டுத் தாண்டிப்போனேன்.

இதற்கு ஒரு நல்ல மறுப்பு உண்டு, அதையும் சொல்லிவிடணும். கருத்துக் கலையில் யோசனையே போதும், பொருள் வேண்டியதில்லை. யோகோ ஓனோ 1964இல் வெறும் செய்முறைக் குறிப்புகளாலேயே ஒரு புத்தகம் போட்டார். அப்படிப் பார்த்தால் ஃபேக் 8 முழுமையான படைப்பு. ஒரு எண், ஒரு வரி, அவ்வளவுதான். தயாரித்திருந்தால் பரிசுப்பொருள் கடையில் கிடக்கும் தமாஷ் சாமானாகியிருக்கும். அதோடு, அந்த எண் மட்டும் இல்லை என்றால் இப்படி ஒரு யோசனை இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது. இந்தக் கடைசி வாதம் எனக்கு ஏற்புடையதுதான். எண் கொடுத்தது ஃபேக்டரி செய்த நல்ல காரியம். எத்தனையோ லேபிள்களில் இந்த மாதிரி யோசனைகள் டீக்கடைப் பேச்சோடு காணாமல் போயிருக்கும்.

ஆனால் முதல் வாதத்தை ஏற்க முடியவில்லை. ஓனோவின் குறிப்புகள் குறிப்புகளாகவே இருக்கும்படி எழுதப்பட்டவை. வாசிப்பவரின் மனசில் நடந்தாலே அவை நடந்தமாதிரி. மாதவிடாய்க் கணக்கு அப்படி மனசுக்குள்ளேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் உலகம் பெண்களிடம் எப்போதும் சொல்லிவந்திருக்கிறது. மனசுக்குள் இருப்பதை வெளியே எடுத்து வைக்கும் ஒரு பொருளைப் பார்த்து, 'நீ மனசுக்குள் இருந்தாலே போதும், அதுவே உயர்ந்த கலை' என்று பாராட்டுவதில் ஒரு குரூரம் இருக்கு.

இரண்டு கடிகாரங்கள்

பட்டியலில் எட்டிலிருந்து இரண்டு எண் தள்ளிப் பாருங்கள். ஃபேக்ட் 10. ஜாய் டிவிஷனின் 'அன்நோன் ப்ளெஷர்ஸ்', 1979 ஜூன். கறுப்புப் பரப்பில் வெள்ளைக் கோடுகள், மலைத்தொடர் மாதிரி. உலகத்திலேயே அதிகமாக டீ-ஷர்ட்டில் ஏறிய இசை அட்டைகளில் ஒன்று. ஜாய் டிவிஷனை ஒருமுறைகூடக் கேட்காதவர்களும் போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

அந்தக் கோடுகள் என்ன? ஒரு பல்சாரின் துடிப்புகள். சிபி 1919 என்ற நட்சத்திரம் ஏறக்குறைய 1.34 நொடிக்கு ஒருமுறை ரேடியோ அலையாகத் துடிக்கும். அடுத்தடுத்த எண்பது துடிப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் அந்தப் படம் வரும். அரசிபோ தொலைநோக்கியின் தரவுகளை வைத்து ஹரால்ட் கிராஃப்ட் என்ற ஆய்வாளர் தன் 1970ஆம் வருஷ ஆய்வேட்டுக்காக வரைந்தது. பிறகு ஒரு வானியல் கலைக்களஞ்சியத்தில் அச்சாகி, இசைக்குழுவினர் வழியாக சாவில் கைக்கு வந்தது. வெள்ளையில் கறுப்பாக இருந்ததை அவர் கறுப்பில் வெள்ளையாகத் திருப்பிப் போட்டார்.

முதலில் அந்தத் துடிப்பைக் கண்டுபிடித்தவர் யார்? 1967இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோசலின் பெல். நீள நீளமான வரைபடத் தாள்களில் ஒரு சின்னக் கீறலைக் கவனித்து, அது என்ன என்று விடாமல் துரத்தியவர் அவர். 1974இல் பல்சார் கண்டுபிடிப்புக்கான நோபல் பரிசு அவருடைய வழிகாட்டி ஆண்டனி ஹியூவிஷுக்குப் போனது. அந்தப் பரிசைப் பங்கிட்டுக்கொண்டவர் மார்ட்டின் ரைல். பெல்லின் பெயர் அதில் இல்லை.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஃபேக் 8 ஒரு சுழற்சியின் கடிகாரம். ஃபேக்ட் 10உம் ஒரு சுழற்சியின் கடிகாரம்தான். ஒன்று, உலகத்தில் பாதிப் பேருக்கு வாழ்க்கையின் பெரும்பகுதியில் மாதாமாதம் ஓடுவது. இன்னொன்று, ஆயிரம் ஒளியாண்டுக் கணக்கில் தள்ளியிருக்கும் ஒரு செத்த நட்சத்திரத்தில் ஓடுவது. எது டீ-ஷர்ட்டில் ஏறியது, எது தாளிலேயே தங்கியது என்று நமக்குத் தெரியும். யாரும் சதி செய்ததாக நான் சொல்லவில்லை. பல்சார் படம் அழகானது, என்னிடமும் அந்த டீ-ஷர்ட் இருக்கு. ஆனால் தூரத்தில் இருக்கும் சுழற்சி கவித்துவமாகத் தெரிகிறது, பக்கத்தில் இருக்கும் சுழற்சி கூச்சமாக இருக்கிறது என்பது டிசைன் ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை.

1982 நவம்பர் 5

தயாரிக்கப்படாத டிசைன் அப்படியே செத்துப்போய்விடும் என்று கட்டாயமில்லை. சில சமயம் வேறு வேஷத்தில் திரும்பி வரும்.

ஃபேக் 51, ஹாசியெண்டா கிளப், 1982 மே 21ஆம் தேதி திறந்தது. முன்னாள் படகு ஷோரூம் ஒன்றை உள்வடிவமைப்பாளர் பென் கெல்லி கிளப்பாக மாற்றினார். தூண்களில் மஞ்சள் கறுப்பு எச்சரிக்கைப் பட்டைகள். ஜாய் டிவிஷன், நியூ ஆர்டர் ரெக்கார்டுகளில் வந்த பணம் அதில்தான் போய் விழுந்தது. ஸ்டூடியோவுக்குப் புதுக் கருவி வாங்க வேண்டிய பணத்தைக் கிளப்பில் கொட்டுகிறார்களே என்ற ஹானெட்டின் கோபம்தான் ஃபேக் 61 வழக்கானது. நவீனமான இடம், புத்திசாலிகளின் இடம். அங்கே திரைகளில் ஆபாசப் படங்களும் சாதாரண அலங்காரம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது லிண்டருக்குப் பொறுக்கவில்லை.

நவம்பர் 5 இரவு அங்கே லூடஸ் பாடினார்கள். ஒவ்வொரு மேசையிலும் காகிதத் தட்டு, அதில் சிவப்பு தோய்ந்த டாம்பான். சைவ உணவுக்காரரான லிண்டர், தூக்கியெறியப்பட்ட கோழி இறைச்சியை வைத்துத் தைத்த உடையில் மேடைக்கு வந்தார். லேடி காகா இறைச்சி உடையில் விருது விழாவுக்குப் போனது 2010இல். இது அதற்கு ஏறக்குறைய 28 வருஷம் முன்னால்.

இந்த நிகழ்ச்சியைப் பற்றி எழுதுபவர்கள் அதை லேடி காகாவோடு ஒப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு இது ஃபேக் 8இன் இரண்டாம் பதிப்பாகத் தெரிகிறது. சமையலறை அலமாரிக்கு வர வேண்டியிருந்த பொருள் வரவில்லை. அதே லேபிளின் கிளப்பில், அதே லேபிளின் மேசைமேல், தட்டில் வந்தது. முதல் தடவை கண்ணியமான, பயனுள்ள, சிரிக்கவைக்கும் ஒரு சின்னக் கருவியாகக் கேட்டார். இரண்டாம் தடவை அருவருப்பாக, யாரும் திரும்பிக்கொள்ள முடியாதபடி கேட்டார். இதற்குக் கெடுதேதி கிடையாது, அச்சகம் தேவையில்லை, பங்காளிகள் யாரும் ஒப்புதல் தர வேண்டியதில்லை.

டிசைன் வரலாற்றில் இந்த இரண்டையும் தனித்தனி அத்தியாயமாக வைக்கிறோம். ஒன்று கிராஃபிக் டிசைன், இன்னொன்று நிகழ்த்துகலை. அப்படிப் பிரித்ததால்தான் ஒன்று மற்றதற்குத் தொடர்ச்சி என்பது கண்ணில் படாமல் போகிறது.

காப்பகத்துக்குப் பிறகு

ஃபேக்டரியின் தாள்கள் இன்றைக்குப் பெரிய சொத்து. 2003இல் ஆடை வடிவமைப்பாளர் ராஃப் சைமன்ஸ், சாவிலின் காப்பகத்திலிருந்து படங்களை எடுத்து மேலங்கிகளில் அச்சடித்தார். அந்த அங்கிகள் இப்போது சேகரிப்பாளர்களுக்கு நடுவில் பெரும் விலைக்குப் போகின்றன. 2006இல் மாத்யூ ராபர்ட்சன் தொகுத்த முழு கிராஃபிக் ஆல்பம் வந்தது. 2021இல் மான்செஸ்டரின் அறிவியல் தொழில் அருங்காட்சியகம் முதல் ஐம்பது எண்களை மையமாக வைத்து ஒரு கண்காட்சியே நடத்தியது. ஹாசியெண்டா 1997இல் மூடி, 2002இல் இடிபட்டு, அதே பெயரில் அடுக்குமாடிக் குடியிருப்பாகிவிட்டது. எச்சரிக்கைப் பட்டைகள் இப்போது ஷூவிலும் கோப்பையிலும் ஓடுகின்றன.

அப்படியானால் ஃபேக் 8ஐ இப்போதாவது தயாரிக்கலாமே என்று கேட்பீர்கள். அருங்காட்சியகக் கடையில், மஞ்சள் கறுப்புப் பெட்டியில், எண் போட்ட சிறப்புப் பதிப்பாக? வேண்டாம் என்றுதான் சொல்வேன். அது டைமரைத் தயாரிப்பதாகாது, எண்ணைத் தயாரிப்பதாகும். வாங்குபவர் பெட்டியைப் பிரிக்கவே மாட்டார்.

தவிர, லிண்டர் யோசித்த கருவி வேறொரு வழியாக வந்தே விட்டது. மாதவிடாய் நாட்களைக் கணக்கு வைக்கும் ஆப் இன்றைக்குக் கோடிக்கணக்கான ஃபோன்களில் இருக்கு. ஆனால் அவர் நினைத்த இடத்தில், மேசைமேல், எல்லார் கண்ணிலும் படும்படி இல்லை. திரும்பவும் மறைவிடத்துக்குள், கடவுச்சொல்லுக்குப் பின்னால் போய்விட்டது. அந்த மறைவிடமும் முழுசாக அவளுடையது இல்லை. பயனர்களின் தகவல்களை வெளி நிறுவனங்களோடு பகிர்ந்த விவகாரத்தில் 2021இல் அமெரிக்க வணிக ஆணையம் இப்படி ஒரு ஆப் நிறுவனத்தின் மேல் நடவடிக்கை எடுத்தது. அடுத்த வருஷம் அங்கே கருக்கலைப்பு உரிமைக்கான அரசியலமைப்புப் பாதுகாப்பு ரத்தானபோது, இந்தத் தேதிகளே சாட்சியாகிவிடுமோ என்று பயந்து பெண்கள் ஆப்களை அழித்தார்கள். வீட்டில் எல்லார் கண் முன்னாலும் இருந்து, வெளியில் யாரிடமும் எதையும் சொல்லாத டைமர். வீட்டில் யார் கண்ணிலும் படாமல் இருந்து, வெளியில் யார் யாரிடமோ சொல்லிவிடும் ஆப். எது மேலான டிசைன் என்று ஒரு மாணவர் தேர்வில் கேட்டால் நான் ஃபேக் 8க்குத்தான் மதிப்பெண் போடுவேன்.

பயன்படாத டிசைன்களைச் சேகரிக்கும் நண்பர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை ஒரு காப்பகத் தாளைப் பார்த்து வியக்கும்போது, அதற்குப் பக்கத்தில் அதே வருஷம் அதே ஆட்கள் காசு போட்டுத் தயாரித்த பொருளையும் எடுத்து வையுங்கள். உப்புத்தாள் அட்டைக்குப் பக்கத்தில் டைமரை வையுங்கள். அப்புறம் வியக்கலாம், கோபப்படலாம், உங்கள் இஷ்டம்.

பட்டியல் வாசிக்கும் பழக்கத்தை நான் விடவில்லை. பூனை வரும்போது இப்போதும் சிரிப்பு வருது. ஆனால் எட்டாவது வரியில் கொஞ்ச நேரம் நிற்கிறேன். வழக்குக்கும் பல்லுக்கும் பூனைக்கும் கொடுத்த அதே அளவு இடம்தான் அதற்கும் கிடைத்திருக்கு, ஒரு வரி. வழக்கு நடந்தது, பல்லைச் சரிசெய்தார்கள், பூனை வளர்ந்தது. எட்டாவது வரிக்கு மட்டும் எண்ணைத் தவிர வேறு எதுவும் இல்லை.